எந்தக் கணினிக்கு விசுவாசம்? தளத் தேர்வு குறித்த ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்புறம், தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கலந்து கேட்கும் பகுதியில் என் அக்காவின் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் மூன்று கணினிகள் உண்டு. மூன்றும் மூன்று இனத்தைச் சேர்ந்தவை. அக்காவின் கணவர் ஸ்ரீராமபுரத்தில் திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறார். எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய பழைய விண்டோஸ் கணினியை வீட்டு முன்னறையில் வைத்து, இரவு நேரங்களில் பத்திரிகைகளை அதிலேயே வடிவமைப்பார். ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் மூத்த மகனிடம் அலுவலகம் கொடுத்த மேக்புக் இருக்கிறது. மூன்றாவது, நான் பயன்படுத்திவிட்டு அவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி. அதில் லினக்ஸ் ஓடுகிறது. அதைத் தொடுபவர்கள் குறைவு.

இளையவள் இயந்திரவியல் பொறியியலில் சேர்ந்தபோது அவளுக்கு எந்த மடிக்கணினி வாங்கித் தருவது என்ற பேச்சு எழுந்தது. விண்டோஸைத் தவிர மற்றதில் எதுவும் ஓடாது என்றார் அவளுடைய அப்பா. ஒருமுறை மேக் பழகியவர் திரும்பிப் போக மாட்டார் என்றான் அண்ணன். மற்ற இரண்டும் பயனரைக் கட்டிப்போடுபவை என்று நான் ஆரம்பித்தேன். இரவு உணவு ஆறிப்போகும் வரை மூவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவள், "மாமா, நீங்க மூணு பேரும் கம்ப்யூட்டரைப் பத்திப் பேசுறீங்களா, இல்ல உங்களைப் பத்தியே பேசுறீங்களா?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் பேசியதில் கணினி எவ்வளவு, நாங்கள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் முயற்சியே இந்தக் கட்டுரை.

தளம் என்றால் என்ன

கடையில் நாம் பணம் கொடுத்து வாங்குவது ஒரு பெட்டியை. ஆனால் அந்தப் பெட்டியோடு சேர்ந்து வேறு பலவும் வீட்டுக்குள் வருகின்றன. அதை இயக்கும் இயங்குதளம், அந்த இயங்குதளத்தில் மட்டுமே ஓடும் மென்பொருள்கள், அந்த மென்பொருள்கள் உருவாக்கும் கோப்புகள், அதோடு ஒத்துப்போகும் அச்சுப்பொறி முதலிய கருவிகள், பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்த தெருமுனைக் கடைக்காரர், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அதே வகைக் கணினி வைத்திருக்கும் நண்பர் ஆகிய இவை அனைத்தும் சேர்ந்ததையே தளம் என்று சொல்ல வேண்டும்.

பெங்களூர்க்காரர்களுக்கு இதை ரயிலை வைத்து விளக்குவது எளிது. சென்னையிலிருந்து வரும் பாதை அகலப்பாதை. மைசூருக்குப் போன பாதையோ நெடுங்காலம் மீட்டர் பாதையாகவே இருந்தது. இரண்டு பாதைகளும் இந்த ஊருக்கு வந்தன என்றாலும், ஒன்றில் ஓடிய பெட்டி மற்றொன்றில் ஓடாது. சரக்கை இறக்கி மாற்றி ஏற்றத்தான் வேண்டும். எந்தப் பெட்டி அழகானது என்று அப்போது யாரும் சண்டையிட்டதாகத் தெரியவில்லை. எந்தப் பாதை நாம் போக வேண்டிய ஊருக்குப் போகிறது என்பதுதான் கேள்வியாக இருந்தது. கணினியிலும் கேள்வி அதுவே. ஆனால் நாம் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

தனிக்கணினிச் சந்தையில் இன்று எதிரெதிராக வைத்துப் பேசப்படும் தளங்கள் பெரும்பாலும் மூன்று. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினிக்கு எம்எஸ்-டாஸ் என்ற இயங்குதளத்தைக் கொடுத்த மைக்ரோசாஃப்ட், 1985இல் விண்டோஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதன் வணிகமுறை உரிமம் விற்பது. டெல், எச்பி, லெனோவோ, ஏசர் என்று யார் வேண்டுமானாலும் கணினியைச் செய்யலாம், விண்டோஸுக்கான உரிமத்தொகை மைக்ரோசாஃப்டுக்குப் போகும். 1984இல் மேக்கின்டோஷை வெளியிட்ட ஆப்பிள், கணினியையும் இயங்குதளத்தையும் தானே செய்து ஒன்றாகவே விற்கிறது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், மூலநிரல் யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி திறந்திருப்பதால் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. உபுண்டு போன்ற பல தொகுப்புகளாக அது கிடைக்கிறது. கூகுளின் குரோம்புக் மடிக்கணினியும் உண்டு. அதன் இயங்குதளத்துக்கும் அடியில் இருப்பது லினக்ஸ்தான்.

இந்த மூன்று வணிகமுறைகளை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தரப்பும் பயனரின் பற்றை எப்படித் தேடுகிறது என்பது விளங்கும். உரிமம் விற்பவருக்கு எங்கும் பரவியிருப்பது முக்கியம். பெட்டியையும் சேர்த்து விற்பவருக்கு, அடுத்த பெட்டியையும் நாம் அவரிடமே வாங்குவது முக்கியம்; தொலைபேசி, கைக்கடிகாரம், காதொலிக் கருவி என்று ஒன்றோடொன்று நன்றாக இழைந்து பேசும் கருவிகளை ஆப்பிள் அடுக்குவதற்கு இதுவே காரணம். லினக்ஸில் விற்பவரே பெரும்பாலும் இல்லை என்பதால், விளம்பரம் செய்யும் வேலையை என்னைப் போன்றவர்கள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இலவசமாகச் செய்கிறோம்.

மறுபடி வாங்குவதெல்லாம் விசுவாசமா

ஒரே நிறுவனத்தின் பொருளை ஒருவர் தொடர்ந்து வாங்கினால் அதைப் பிராண்ட் விசுவாசம் என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். சந்தையியல் ஆய்வாளர்கள் அவ்வளவு எளிதாக விட்டுவிடுவதில்லை. ஆலன் டிக்கும், பின்னாளில் நாவலாசிரியராகவும் அறியப்பட்ட குணால் பாசுவும் 1994இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறது. ஒன்று, அவர் திரும்பத் திரும்ப வாங்குகிறாரா. மற்றொன்று, மற்றவற்றைவிட இதுவே மேல் என்று அவர் உள்ளபடியே நினைக்கிறாரா. இரண்டுக்கும் ஆம் என்றால் அது உண்மையான பற்று. மனத்தில் விருப்பம் இருந்தும் விலை முதலான காரணங்களால் வாங்க முடியாவிட்டால் அது மறைந்திருக்கும் பற்று. விருப்பம் பெரிதாக இல்லாமலே வாங்கிக்கொண்டிருந்தால் அது போலிப் பற்று. இரண்டும் இல்லையென்றால் பற்றே இல்லை.

இந்தக் கட்டத்துக்குள் எங்கள் வீட்டுக்காரர்களை வைத்துப் பார்த்தேன். அச்சகக்காரர் இருபது ஆண்டுகளாக விண்டோஸில் வேலை செய்கிறார். ஆனால் அதைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் செய்வது, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே மளிகைக்கடை இருப்பதால் அங்கேயே வாங்குவது போன்றது. அவருடைய மகன் உண்மையிலேயே மேக்கை விரும்புகிறான்; ஆனால் அதற்கு அவன் பணம் கொடுத்ததில்லை, அலுவலகம் கொடுத்தது. சொந்தப் பணத்தில் வாங்க வேண்டிவந்தால் அவனுடைய பற்று எந்தக் கட்டத்தில் போய் உட்காரும் என்பது அவனுக்கே தெரியாது. என்னுடையது உண்மைப் பற்று என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்துச் சொல்லப்போகும் ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1956இல் வெளியிட்ட ஆய்வு அது. வீட்டு உபயோகப் பொருள்கள் சிலவற்றைப் பெண்களிடம் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டைக் காட்டி, ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். சிறிது நேரம் கழித்து எல்லாப் பொருள்களையும் மறுபடி மதிப்பிடச் சொன்னபோது, தாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு முன்பைவிடக் கூடுதலாகவும், விட்டுவிட்ட பொருளுக்குக் குறைவாகவும் மதிப்புப் போட்டார்கள். இடையில் அந்தப் பொருள்களில் எந்த மாற்றமும் நிகழவில்லை, தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். நல்லது என்பதால் தேர்ந்தெடுக்கிறோம் என்று எண்ணுகிறோம். தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பதால் அது நல்லதாகிப்போவதும் நடக்கிறது. இரண்டு பொருள்களும் ஏறத்தாழச் சமமாக இருந்து, எதை விடுவது என்று திண்டாடித் தேர்ந்தெடுத்தவர்களிடம் இந்த விளைவு கூடுதலாக இருந்தது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மடிக்கணினி வாங்கியவரிடம் மறுநாளே போய் அதன் குறைகளைக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இது தனி மனிதருக்கு. அணி சேர்ந்துவிட்டால் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி டாஜ்ஃபெல் பள்ளி மாணவர்களிடம் நடத்திய சோதனைகள் 1970ஐ ஒட்டி வெளிவந்தன. ஒன்றில், மாணவர்களுக்கு ஓவியங்களைக் காட்டி, உனக்குப் பிடித்தவை கிளேயின் ஓவியங்கள், உனக்குப் பிடித்தவை காண்டின்ஸ்கியின் ஓவியங்கள் என்று சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். உண்மையில் அந்தப் பிரிப்பு எந்த அடிப்படையும் இல்லாமல் செய்யப்பட்டது. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் மாணவர்களுக்குத் தெரியாது. இருந்தும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தம் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட எவ்வளவு கூடுதல் என்பதே பெரிது என்று பங்கிட்டவர்களும் உண்டு. முகம் தெரியாத ஓவியரின் பெயருக்கே இவ்வளவு என்றால், நாள்தோறும் எட்டு மணி நேரம் கைபட்ட கருவிக்கு எவ்வளவு இருக்கும்?

1997 ஆகஸ்ட் மாதம் பாஸ்டனில் நடந்த ஆப்பிள் ரசிகர்களின் கூட்டத்தில் இதை உலகமே பார்த்தது. நட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த ஆப்பிளில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்வதாகவும், மேக்குக்கான ஆஃபிஸ் மென்பொருளை ஐந்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து தருவதாகவும் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். மேடைத் திரையில் பில் கேட்ஸின் முகம் தோன்றியதும் அரங்கத்தில் பலர் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். தாம் நேசிக்கும் நிறுவனத்துக்கு வந்த உதவிக்கு அந்த நிறுவனத்தின் அன்பர்களே காட்டிய எதிர்ப்பு அது. ஆப்பிள் வெல்ல வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் தோற்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்று ஜாப்ஸ் அங்கேயே சொல்ல வேண்டியிருந்தது. நிறுவனங்கள் கணக்குப் பார்த்துக் கைகுலுக்கிக்கொள்கின்றன. மனம் புண்படுவது ரசிகர்களுக்குத்தான்.

மாறும் செலவு: நம்மைக் கட்டிவைப்பது எது

மனத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், ஒரு தளத்தில் பலரை நிறுத்திவைப்பது மனம் அல்ல என்பதே என் கருத்து. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறுவதற்கு ஆகும் பணம், நேரம், உழைப்பு, இழப்பு அனைத்தையும் சேர்த்துப் பொருளியலில் மாறும் செலவு என்கிறார்கள். அந்தச் செலவு பெரிதாக இருந்தால், வெறுப்போடு இருப்பவரும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசுவாசி போலவே தெரிவார்.

கைப்பேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சேவை நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் போய்விடும். வங்கி, அலுவலகம், ஊரில் உள்ள உறவினர்கள், வாடிக்கையாளர்கள் என்று எல்லோருக்கும் புதிய எண்ணைச் சொல்லித் தீராது என்பதற்காகவே பலர் பிடிக்காத நிறுவனத்திலும் இருந்தார்கள். 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. எண் நம்முடையதாகியது. அதற்குப் பிறகும் ஒருவர் அதே நிறுவனத்தில் இருந்தால், அதைப் பற்று என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

கணினித் தளங்களுக்கு அப்படி ஓர் ஆணை நம் நாட்டில் இல்லை. இங்கே எண்ணின் இடத்தில் இருப்பவை நம் கோப்புகள். தமிழில் எழுதுபவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறை முழுவதும் இதை அனுபவித்திருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வைத்துச் செய்யப்பட்டவை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரியும். ஆனால் கோப்பின் உள்ளே இருப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே வந்து நிற்கும். வானவில், டாப், தாம், டிஸ்கி என்று ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு தனி உலகம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாப், தாம் குறியீடுகளையும் பரிந்துரைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆனால் அதற்குள் எழுதிக் குவித்த கோப்புகள் எழுதிய எழுத்துருவிலேயே உறைந்து நின்றன.

ஸ்ரீராமபுரத்து அச்சகக்காரரின் கணினிக்குள் இருப்பது அப்படிப்பட்ட உறைந்த உலகம். இருபது ஆண்டுகளில் அடித்த திருமணப் பத்திரிகைகளும் காதுகுத்து அழைப்பிதழ்களும் கருமாதிக் கடிதங்களும் பழைய எழுத்துரு ஒன்றில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக அதில் கிடக்கின்றன. மூத்த மகளுக்கு அடித்ததைப் போலவே இளைய மகளுக்கும் வேண்டும் என்று கேட்டு வரும் குடும்பங்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். பழைய கோப்பைத் திறந்து, பெயரையும் முகூர்த்த நேரத்தையும் மாற்றினால் பத்து நிமிட வேலை. புதிய கணினியில் முதலிலிருந்து அடித்தால் அரை நாள். இது போதாதென்று, அவருடைய விரல்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவை. தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளச் சொல்வது, இத்தனை வயதுக்கு மேல் வலக்கையால் எழுதுபவரை இடக்கையால் எழுதச் சொல்வது போன்றது. அவரை விண்டோஸ் பக்தர் என்று நான் அந்த இரவில் கேலி செய்தேன். அவர் பக்தர் அல்லர். இருபது ஆண்டுச் சரக்கை இறக்கி ஏற்ற ஆள் கிடைக்காதவர்.

கூட்டம் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் சேர்வது

மாறும் செலவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வலைப்பின்னல் விளைவு. ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் கூடக் கூட அதன் பயனும் கூடினால் அந்த விளைவு இருக்கிறது என்று பொருள். உறவினர் குழுக்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருப்பதால் நாமும் அங்கே இருக்கிறோம். அதைவிட நல்ல செயலி வந்தாலும் சித்தப்பாவும் பெரியம்மாவும் வராத இடத்தில் நமக்கு என்ன வேலை? கணினித் தளத்தில் இது இரண்டு படிகளாக நடக்கிறது. பயனர்கள் அதிகம் உள்ள தளத்துக்கு மென்பொருள் எழுதுபவர்கள் போகிறார்கள். மென்பொருள் அதிகம் உள்ள தளத்துக்குப் பயனர்கள் போகிறார்கள்.

ஒரே ஒரு மென்பொருள் ஒரு தளத்தையே தூக்கி நிறுத்திய கதைகள் உண்டு. 1979இல் வந்த விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள் முதலில் ஆப்பிள் 2 கணினியில் மட்டும் ஓடியது; அதற்காகவே அந்தக் கணினியை வாங்கிய அலுவலகங்கள் பல. 1983இல் அதைவிட வேகமான லோட்டஸ் 1-2-3 ஐபிஎம் கணினிக்கு வந்ததும் கணக்கர்கள் அந்தப் பக்கம் போனார்கள். முன்பு ஆப்பிள்மேல் அவர்களுக்கு இருந்ததாகத் தோன்றியது உண்மையில் கணக்குத்தாளின்மேல் இருந்த பற்று. 1985இல் லேசர் அச்சுப்பொறியோடு சேர்த்து மேக்குக்கு வந்த பேஜ்மேக்கர், பக்க வடிவமைப்பாளர்களை மேக்கின் பக்கம் இழுத்தது. அதே பேஜ்மேக்கர்தான் பின்னர் விண்டோஸுக்கும் வந்து, அதன் வளர்ச்சியை அடோபி நிறுவனம் 2004இல் நிறுத்திக்கொண்ட பிறகும், நம் ஊர் அச்சகங்களில் பழைய விண்டோஸ் கணினிகளைத் தூக்கிப் போட விடாமல் காத்துவருகிறது. ஒரு தளத்தை வளர்த்த மென்பொருளே எதிர்த்தளத்துக்குக் காவல் நிற்பது இந்தத் துறையின் வேடிக்கைகளில் ஒன்று.

பெங்களூரிலேயே பிறந்த எடுத்துக்காட்டும் இருக்கிறது. இந்தியச் சிறுவணிகர்களின் கணக்குப் புத்தகமாகிவிட்ட டேலி இந்த ஊர் நிறுவனத்தின் படைப்பு. அது முதலில் எம்எஸ்-டாஸிலும் பின்னர் விண்டோஸிலும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. மற்ற தளங்களில் அதைப் பயன்படுத்தச் சுற்றுவழிகள் இருந்தாலும், சிக்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் சுற்றுவழி தேடப் போவதில்லை. அவருடைய கணக்கரும் கணக்கரின் உதவியாளரும் டேலி பழகியவர்கள். ஆகவே கடையில் விண்டோஸ். ரெட்மண்டில் இருக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் இடையில் பற்று என்று எதுவும் இல்லை.

கூட்டம் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் போன் சான்று. 2010இல் வந்த அந்தக் கைப்பேசித் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் பலர் அதன் எளிமையை இன்றும் புகழ்வார்கள். மைக்ரோசாஃப்டின் பணமும், 2011 முதல் நோக்கியாவின் பெயரும் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனால் செயலிகள் போதிய அளவில் வரவில்லை. செயலிகள் இல்லாததால் ஆட்கள் வரவில்லை. ஆட்கள் இல்லாததால் செயலிகள் வரவில்லை. எவ்வளவு ஆழமான பற்றும் அதைக் காப்பாற்றவில்லை.

தேர்ந்தெடுப்பது எப்படி

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு தேர்வு எளிதாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்விகளின் வரிசை மாறும். எது சிறந்த கணினி என்பது கடைசிக் கேள்வி; என்ன வேலை என்பதே முதல் கேள்வி. அந்த வேலைக்கு இன்றியமையாத மென்பொருள் எது, அது எந்தத் தளத்தில் நேராக ஓடுகிறது என்று பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். ஐபோனுக்குச் செயலி எழுதுபவருக்குத் தேவையான எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். பைனல் கட் புரோவில் காணொளி தொகுப்பவருக்கும் வேறு வழி இல்லை. இயந்திரவியல் மாணவர்கள் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு உரியது. கணினி விளையாட்டுகளில் பெரும்பகுதியும் அப்படியே. இணையத்தளங்களை இயக்கும் சேவையகங்களில் வேலை செய்ய விரும்புபவர் லினக்ஸை எப்படியும் கற்றாக வேண்டும். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் பட்டியலில் உள்ள 500 கணினிகளிலும் ஓடுவது லினக்ஸ்தான். மின்னஞ்சல், வங்கி வேலை, கட்டுரை எழுதுவது, படம் பார்ப்பது ஆகியவை மட்டும் போதும் என்பவருக்கு எல்லாம் உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுவதால், அவர் விலையையும் எடையையும் பார்த்து வாங்கினாலே போதுமானது.

அடுத்து, வாங்கும் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. எஸ்.பி. ரோட்டுக்குப் போய் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது பல விண்டோஸ் கணினிகளுக்குப் பொருந்தும். 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளைக்கொண்டு செய்யும் மேக்குகளில் நினைவகம் சில்லோடு சேர்ந்தே வருவதால், வாங்கும் நாளிலேயே எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் பழைய மேக்கை விற்கப் போனால் பெரும்பாலும் கூடுதல் விலை கிடைக்கும். தளத்தின் ஆயுளும் கணக்கில் வர வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் பிராசசரும் இல்லாத கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் முறைப்படி அடுத்த பதிப்புக்குப் போக முடியாது. அத்தகைய கணினிகளை லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று சொல்லும்போது நான் பற்றினால் சொல்கிறேனா, பயன் கருதிச் சொல்கிறேனா என்று வாசகர்கள் சந்தேகப்படலாம், சந்தேகப்படுவது நல்லதுதான்.

பலர் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: நாளை இந்தத் தளத்தை விட்டுப் போக நேர்ந்தால் எதை எடுத்துக்கொண்டு போக முடியும்? வாங்கும்போதே வெளியேறும் வழியைப் பார்த்து வைப்பது, வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போதே அது எப்போது, எப்படித் திரும்பி வரும் என்று கேட்டு எழுதி வாங்குவதைப் போன்றது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. கணினியில் அது எளிய பழக்கங்களாக அமைகிறது. தமிழில் எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுவது; ஆவணங்களை மற்ற மென்பொருள்களும் திறக்கக்கூடிய வடிவில் ஒரு படி சேமிப்பது; படங்களின் நகலை எந்தத் தளத்திலும் செருகக்கூடிய வெளிவட்டு ஒன்றில் வைப்பது. அந்த வட்டையும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வடிவமைத்துக்கொண்டால் (ஃபார்மட் செய்துகொண்டால்) விண்டோஸிலும் மேக்கிலும் படிக்கவும் எழுதவும் முடியும். விண்டோஸுக்கே உரிய என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்தால் மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. இத்தனை சிறிய விஷயம் ஒருவரை ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் நிறுத்திவைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா மகளுக்கு விண்டோஸ் மடிக்கணினியே வாங்கினோம். அப்பா வென்றார் என்று சொல்ல முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் வடிவமைப்பு மென்பொருள் அதில் ஓடும் என்பதுதான் காரணம். வகுப்பில் பெரும்பாலோரிடம் அதே வகை இருந்ததால், இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் கேட்கவும் ஆள் இருந்தது. மேக்கின் திரையைப் பற்றி அண்ணன் இன்னும் ஒரு மாதம் பேசினான். நான் அவளுடைய கணினியில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட வைக்கும் வசதியை நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்; அதை அவள் திறந்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அவள் திறந்தது வேறொன்று. அப்பாவின் பழைய கோப்புகளில் இருக்கும் வாசகங்களை எடுத்து, எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவருகிறாள்; ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தோ ஆறோ பத்திரிகைகள். மாற்றியில் கொம்பும் துணைக்காலும் சில இடங்களில் இடம் மாறிவிடுவதால், அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறார். அச்சுக்குப் போகும் பிரதியை இப்போதும் முன்னறைக் கணினியில்தான் அடிக்கிறார். சென்ற முறை நான் போயிருந்தபோது 2006இல் அடித்த பத்திரிகை வரை வந்திருந்தார்கள்.